மீன் வாயும் மடை வாயும்

என் வாக்கியத்தை நீங்கள் பாதியில் வெட்டினீர்கள். தெரிந்தே வெட்டினீர்கள். வெட்டிய பாதியை வைத்துக்கொண்டு, எங்கள் கண்மாய் மடைக்குக் கம்பிக் கூண்டு தேவையில்லை என்று ஊர் முன்னால் மைக்கில் சொன்னீர்கள்.

உங்கள் பெயரை எழுத மாட்டேன். அலுவலகத்தின் பெயரும் வேண்டாம். எங்கள் கண்மாயும் மடையும் உங்கள் பொறுப்பில் இருக்கின்றன, நீங்கள் ஒரு பொறியாளர், அது போதும். படித்தால் உங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு கார்த்திகை மாதம் என் அண்ணனுக்கு என்ன நடந்தது என்பது எங்கள் ஊருக்குத் தெரியும். மற்றவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்காக முதலில் இருந்து எழுதுகிறேன்.

அருப்புக்கோட்டையில் ஒரு கல்லூரியில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். ஊர் திருச்சுழிப் பக்கம். தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். வேலை போக, மதுரையில் ஒரு பேராசிரியரின் கீழ் ஆராய்ச்சி செய்கிறேன். மீன் எப்படித் தண்ணீரை உறிஞ்சி இரையைப் பிடிக்கிறது என்பதைக் கணக்காக எழுதுவதுதான் என் ஆராய்ச்சி. இதைச் சொல்லி எங்கள் பக்கத்தில் யாரும் சிரிக்காமல் இருந்ததில்லை. பருத்திக்கும் கொத்தமல்லிக்கும் மழை வருமா வராதா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஊரில், மீன் தின்பதைப் படிக்கிறேன் என்றால் சிரிக்கத்தான் செய்வார்கள்.

ஒருமுறை எங்கள் கண்மாயில் பிடித்த விரால் மீன் ஒன்றை, மூடியில் துளை போட்ட வாளியில் வைத்துப் பஸ்ஸில் கொண்டுபோனேன். கல்லூரி ஆய்வகத்தில் எனக்கு ஒரு கண்ணாடித் தொட்டி கொடுத்திருந்தார்கள். வாளி காலடியில் தடதடவென்று ஆடியது. கண்டக்டர் வந்து நின்றார்.

"என்ன டீச்சரம்மா, உள்ள என்ன துள்ளுது?"

"விரால்."

"கொழம்புக்கா?"

"காலேஜுக்கு."

"அங்க போயி என்ன செய்யும்? அட்டெண்டன்ஸ் குடுக்குமா?"

பின் சீட்டில் இருந்த எங்கள் ஊர்ப் பெண் ஒருவர் எனக்காகப் பதில் சொன்னார். "மீனு எப்பிடித் திங்குதுன்னு இவுக கணக்குப் போடுறாக. எங்க வீட்டுக்கு ஒருநா வரச் சொல்லுங்க. எங்க வீட்டுக்காரரு திங்கிறதுக்கு இவுக கணக்குப் பத்துதான்னு பாப்போம்."

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். அப்போது எனக்குப் பயம் வந்திருக்கவில்லை.

கணக்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மீன் வாயைத் திறக்கும்போது வாய் மட்டும் திறப்பதில்லை. தாடை இறங்குகிறது, கன்னம் இரண்டு பக்கமும் விரிகிறது, வாய்க்குள் இருக்கும் அறை முழுவதும் சட்டென்று பெரிதாகிறது. உள்ளே இடம் கூடியதும் அழுத்தம் குறைகிறது. வெளியே இருக்கும் தண்ணீர் அந்த இடத்தை நிரப்ப ஓடுகிறது. அந்தத் தண்ணீரோடு குஞ்சு மீனும் போய்விடுகிறது. கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். செல்போனில் வேகமாகப் படம் பிடித்து, மெதுவாக ஓடவிட்டுத்தான் பார்க்க முடியும்.

அந்த இழுவை எவ்வளவு தூரம் எட்டும் என்பதுதான் என் கேள்வி. மீன் வாயைச் சுற்றி வெங்காயத் தோல் மாதிரி ஒன்றுக்கு மேல் ஒன்றாக உருண்டைகள் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். வாய்க்குள் போகும் தண்ணீர் எல்லாத் தோலையும் கடந்துதான் போக வேண்டும். வெளித்தோல் பெரியது, அதனால் அங்கே தண்ணீர் மெல்ல நகர்ந்தால் போதும். உள்தோல் சின்னது, அங்கே பாய்ந்தாக வேண்டும். தூரம் இரண்டு மடங்கானால் வேகம் நாலில் ஒரு பங்காகும். மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்கு. மீனின் வாய் எவ்வளவு அகலமோ அதைப்போல இரண்டு மூன்று அகலம் தள்ளி இருந்தால் இழுவை கிட்டத்தட்ட இல்லை. அதனால்தான் விரால் பதுங்கிக் கிட்டே வந்து, முன்னால் பாய்ந்துகொண்டே உறிஞ்சுகிறது. எட்ட இருந்து உறிஞ்சினால் அதற்கு வெறும் தண்ணீர்தான் கிடைக்கும்.

கேட்டால் நல்ல செய்தி மாதிரி இருக்கிறது. தள்ளி இருந்தால் பிழைக்கலாம். நானும் அப்படித்தான் வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆனால் அந்தப் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. குஞ்சு மீன் கடைசி வரை சும்மாவே இருக்கும். துடுப்பு எப்போதும் போல ஆடும். அடுத்த படத்தில் பாதி உடல் வாய்க்குள். அதற்கு அடுத்த படத்தில் எதுவும் இல்லை. பயந்த குஞ்சை நான் ஒரு படத்திலும் பார்க்கவில்லை. பயப்பட அதற்கு நேரமே கிடைக்கவில்லை. எட்ட இருக்கும்போது இழுவை தெரியாது, தெரியும்போது வாய்க்குள் இருக்கும்.

ஆய்வக ஜன்னலுக்கு வெளியே ஒரு வேப்பமரம். ஒருநாள் பழுத்த இலை ஒன்று பறந்து வந்து தொட்டித் தண்ணீரில் விழுந்தது. நான் கவனிக்கவில்லை. படம் பிடித்த பிறகுதான் பார்த்தேன். அடியில் விரால் வாயைத் திறக்கிறது. குஞ்சு போகிறது. நேர் மேலே அந்த இலை இம்மியும் அசையாமல் மிதக்கிறது.

 அந்த மாதிரி வேப்பிலையை நான் சின்ன வயதிலிருந்து எங்கள் கண்மாயில் பார்த்திருக்கிறேன்.

எங்கள் மடை எப்படி என்று சொல்ல வேண்டும். கண்மாய்க் கரையின் உள்பக்கம் ஒரு கல் சுவர். அந்தச் சுவரின் அடியில், மண் மட்டத்தில், ஓர் அடி அகலத்தில் ஓட்டை. ஓட்டையிலிருந்து குழாய் கரைக்கு அடியில் போய் மறுபக்கம் வாய்க்காலில் திறக்கிறது. மேலே நின்று திருகினால் ஷட்டர் ஏறும். ஏறினாலும் தண்ணீர் வராது. மழைத் தண்ணீரோடு வந்த சீமைக்கருவேல முள்ளும் சகதியும் உரச்சாக்கும் ஓட்டையை அடைத்திருக்கும். யாராவது இறங்கித்தான் எடுக்க வேண்டும். முள்ளில் கையை வைக்க முடியாது என்பதால் காலால் எத்துவார்கள். கழுத்தளவுத் தண்ணீரில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று எத்தினால், அடைப்பு குழாய்க்குள் போய் மறுபக்கம் வந்து விழும். தண்ணீர் ஓட ஆரம்பித்ததும் விலகிவிட வேண்டும். எங்கள் ஊரில் மடை திறப்பது என்றால் இதுதான். சில வருஷங்களாக எத்துவது என் அண்ணன்.

இறங்கும் முன் ஒரு வழக்கம் உண்டு. கரையில் நிற்பவர்கள் வேப்பிலையை உருவி மடைக்கு நேர் மேலே தூவுவார்கள். இலை வட்டம் அடித்தால் "மடை முழிச்சிருக்கு" என்பார்கள். யாரும் இறங்க மாட்டார்கள். இலை அசையாமல் கிடந்தால் "மடை தூங்குது" என்பார்கள். பிறகுதான் இறங்குவது. இதை யாரும் மாற்றியதில்லை. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது, அந்தத் தொட்டியைப் பார்க்கும் வரை.

உட்கார்ந்து மடைக்குக் கணக்குப் போட்டேன். மீன் வாய்க்குப் பதில் ஓர் அடி ஓட்டை. மேலே இலை மிதக்கும் இடம் ஓட்டையிலிருந்து ஐந்து அகலம் தள்ளி. அங்கே இழுவை தெரியவே தெரியாது. அடைத்துக் கிடந்தாலும் இலை சும்மா இருக்கும், ஆழமான தண்ணீருக்கு அடியில் ஓடிக்கொண்டிருந்தாலும் சும்மா இருக்கும். இலை சுற்றுவது தண்ணீர் குறைந்த பிறகுதான், அதாவது அழுத்தமும் குறைந்த பிறகு. எங்கள் ஊர் இறங்காமல் இருந்தது ஆபத்துக் குறைந்த நேரத்தில். இறங்கியது கண்மாயின் எடை முழுவதும் அந்த அடைப்பின் மேல் உட்கார்ந்திருக்கும் நேரத்தில்.

இன்னொரு கணக்கும் போட்டேன். அடைப்பு போன இடத்தில் ஒரு மனிதனின் கால் மாட்டி, முள்ளும் சாக்கும் அதைச் சுற்றி இறுகிவிட்டால் என்ன ஆகும்? அப்போது தண்ணீர் இடுக்கில் கொஞ்சம்தான் ஓடும், மீதி அழுத்தும். கழுத்தளவுத் தண்ணீருக்கே ஒரு முழு நெல் மூட்டையைவிடக் கூடுதலான எடை அந்தக் காலைக் குழாய்க்குள் தள்ளும். மீன் கண் இமைக்கும் நேரத்தில் உறிஞ்சி முடித்துவிடும். மடை முடிக்காது. கண்மாய் வற்றும் வரை உறிஞ்சும். மீனாவது இரையைத் தேடி வரும். மடையைத் தேடி நாங்கள்தான் போகிறோம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணன் உழுதுவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி, என் மதினி, சோறு போட்டுக்கொண்டிருந்தார். நான் நேராகச் சொன்னேன்.

"அண்ணே, இனிமே நீ மடையில எறங்காத."

"ஏத்தா, என்னாச்சு?"

"எல சும்மா கெடந்தா மடை தூங்குதுன்னு அர்த்தமில்ல. அடைச்சுக்கிட்டு நிக்கிதுன்னு அர்த்தம். நீ எத்தி அடைப்பு விட்ட ஒடனே அம்புட்டுத் தண்ணியும் உன் காலத்தான் இழுக்கும்."

"இத மீனு சொல்லுச்சாக்கும்?"

"மீனு சொன்னாலாவது கேளுங்க" என்றார் மதினி. "நான் சொன்னா எங்க கேக்குறீக?"

"நான் என்ன அயிரைக் குஞ்சா, உறிஞ்சவொடனே போறதுக்கு? ஆளப் பாரு, ஆள."

"கால் மாட்டுனா நூறு கிலோ இழுக்கும்ண்ணே."

அண்ணன் மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் விளையாடவில்லை என்று அவருக்குத் தெரிந்தது. பிறகு கேட்டார்: "சரி. அப்ப யாரு எத்துறது? நீ எத்துறியா? கீழ்வயக்காரவுக எல்லாரும் நாத்த வச்சுக்கிட்டுத் தண்ணிக்கு நிப்பாக. நான் எறங்கலன்னா இன்னொருத்தன் எறங்குவான். அவனுக்கு நீச்சலும் தெரியாது."

 மதினி குழம்புச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றார். அன்றிலிருந்து அந்த வீட்டில் பயந்தவர்கள் இரண்டு பேர்.

அண்ணன் கேள்விக்குப் பதிலை மீன் தொட்டியில் தேடினேன். விராலுக்கு முன்னால், இரண்டு வாய் அகலம் தள்ளி, கம்பி வலையைப் பெட்டி மாதிரி மடித்து வைத்தேன். வலைக்கு அந்தப் பக்கம் குஞ்சுகள். விரால் வலையைத் தாண்ட முடியாமல் வாயைத் திறந்து திறந்து மூடியது. முதலில் வலையை ஒட்டி இருந்த குஞ்சு கொஞ்சம் ஆடியது, பிறகு நீந்திப் போய்விட்டது. ஒன்றுகூட விராலின் வாய்க்குள் போகவில்லை. மடைக்கும் இதுதான் வேண்டும். ஓட்டையைச் சுற்றி இரண்டடி தள்ளி ஒரு கம்பிக் கூண்டு. முள் கூண்டின் வெளியே தங்கும். கூண்டின் பரப்பு பெரியது, அதனால் எந்த இடத்திலும் இழுவை இருக்காது. மேலே நின்று கொக்கிக் கம்பால் இழுத்துப் போடலாம். மனிதன் இறங்க வேண்டாம். இறங்கினாலும் அவன் கால் ஓட்டைக்குப் போகாது. பட்டறையில் ஒருநாள் வேலை.

படம் வரைந்து உங்கள் அலுவலகத்துக்குக் கொண்டுவந்தேன். நீங்கள் நல்லபடியாகப் பேசினீர்கள். கிராம சபையில் வைத்துத் தீர்மானம் போட்டு அனுப்பச் சொன்னீர்கள். காந்தி ஜெயந்தி அன்று நீங்களே வந்தீர்கள்.

ரேஷன் கடைக்கு முன்னால் பந்தல். நீங்கள் நடு நாற்காலியில் இருந்தீர்கள். என் கையில் மைக் கொடுத்தார்கள். நான் வகுப்பு எடுக்கிற பழக்கத்தில் முதலில் எளிதானதைச் சொன்னேன். "ஓட்டையில இருந்து ரெண்டடி தள்ளி நின்னா இழுவையே தெரியாது." அடுத்த சொல்லுக்கு மூச்சு எடுத்தேன். நீங்கள் எழுந்து மைக்கை வாங்கினீர்கள்.

"கேட்டுக்கிட்டீங்களா? உங்க ஊரு புரொபசரம்மாவே சொல்லிட்டாங்க. ரெண்டடி தள்ளி நின்னா இழுவையே கிடையாதாம். தள்ளி நிக்கிறதுக்கு எதுக்குங்க கூண்டு? புத்தி இருந்தாப் போதுமே!"

எல்லோரும் சிரித்தார்கள். கைதட்டினார்கள். என் அண்ணனும் கைதட்டினார்.

"சார், நான் இன்னும் முடிக்கல" என்றேன்.

"டீ வந்துருச்சும்மா. குடிச்சிட்டுப் பேசலாம்."

டீ குடித்தோம். குடித்து முடித்தபோது பேச்சு ரேஷன் அரிசிக்குப் போய்விட்டது. மைக் வேறு ஒருவர் கையில். நான் எழுந்து நின்றேன், உட்காரச் சொன்னார்கள். கூண்டு தீர்மானத்தில் ஏறவில்லை. நீங்கள் பொறியாளர். ஓட்டையை அடைத்தால் அழுத்தம் என்ன ஆகும் என்று முதல் வருஷத்திலேயே படித்திருப்பீர்கள். என் வாக்கியத்தின் மறுபாதி உங்களுக்குத் தெரியாது என்று சொன்னால் நான் நம்ப மாட்டேன். அதுவும் போக, படத்தில் அதை எழுதிக் கொடுத்திருந்தேன்.

ஐப்பசி மழை நன்றாகப் பெய்தது. கண்மாய் ஏறியது. எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள்.  நான் மட்டும் பஸ்ஸில் போகும்போது கரையைப் பார்க்காமல் மறுபக்க ஜன்னலில் உட்கார்ந்தேன். வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது போன் அடித்தால் சாக்பீஸைப் போட்டுவிட்டு எடுத்தேன். அண்ணன் மடை திறக்கப் போகும் நாள் வந்தால் முதலில் எனக்குச் சொல்ல வேண்டும் என்று மதினியிடம் கேட்டிருந்தேன்.

கார்த்திகையில் சொன்னார். நான் லீவு போட்டேன். காலையில் கரையில் நிறையப் பேர் இருந்தார்கள். என் பிடிவாதத்துக்காக அண்ணன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டார். மூங்கிலில் கொக்கி கட்டி நான் கொண்டுபோயிருந்தேன். சுவர் மேல் நின்று அதைத்தான் முதலில் போட்டார். ஒன்றிரண்டு முள் கிளை வந்தது. தண்ணீர் வரவில்லை. கரையில் ஒருவர் பொறுமை இழந்தார்.

"என்னப்பா, தூண்டி போட்டுக்கிட்டு இருக்க? மீனா பிடிக்கப் போற?"

"தங்கச்சிக்கு மீனுதான வேணும்" என்றார் இன்னொருவர்.

யாரோ வேப்பிலையை உருவித் தூவினார்கள். நான் இலையைப் பார்க்கவில்லை, அண்ணன் முகத்தைப் பார்த்தேன். "தூங்குதுப்பா, எறங்கு" என்ற சத்தம் கேட்டது. அண்ணன் இறங்கினார். தண்ணீர் அவர் கழுத்துக்கு வந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"பயப்படாதத்தா. ஒடம்பு ரெண்டடி தள்ளித்தான் நிக்கிது. கால மட்டும் நீட்டி எத்துறேன். நீதான மைக்குல சொன்ன?"

இதை நீங்கள் படிக்க வேண்டும். இரண்டு தடவை படியுங்கள்.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. அதற்குள் எத்த ஆரம்பித்துவிட்டார். திடீரென்று அவர் உயரம் குறைந்தது. யாரோ கீழிருந்து இழுத்த மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்தார். தண்ணீர் வாய்க்கு வந்தது. சுவரைப் பிடித்த கை நழுவி மறுபடி பிடித்தது. அவரைச் சுற்றி இலைகள் அப்படியே கிடந்தன. ஓர் இலைகூட வட்டம் அடிக்கவில்லை.

"கால்! கால்!" என்றார். அதற்குமேல் பேச முடியவில்லை, வாயில் தண்ணீர்.

கரையில் இருந்தவர்கள் கயிற்றைப் பிடித்து இழுத்தார்கள். அவர் அலறினார். நான் கயிற்றின் மேல் விழுந்து, "இழுக்காதீக! கால் பிஞ்சிரும்! தலையப் பிடிங்க, தலைய மேல பிடிங்க!" என்றேன். இரண்டு பேர் குதித்து அவர் தாடையைத் தாங்கிப் பிடித்தார்கள். மூக்கு தண்ணீருக்கு மேல் இருந்தது. அவ்வளவுதான் இருந்தது. ஷட்டரை இறக்கவும் முடியாது, அது அவர் கால் மேல்தான் இறங்கும்.

மீனுக்கு இழுவை எப்போது நிற்கும்? வாய்க்குள் இருக்கும் அறை நிறைந்ததும் நிற்கும். உள்ளே போக இடம் இல்லையென்றால் தண்ணீர் போகாது. எங்கள் மடையின் வாய்க்குள் இருக்கும் அறை அந்தக் குழாய். அது மறுபக்கம் திறந்து காலியாகிக்கொண்டே இருப்பதால்தான் இழுக்கிறது. மறுபக்கத்தை அடைத்தால் குழாய் நிறையும். நிறைந்தால் இந்தப் பக்கத்து அழுத்தமும் அந்தப் பக்கத்து அழுத்தமும் ஒன்றாகிவிடும்.

கரை ஏறி மறுபக்கம் ஓடினேன். வாய்க்காலில் மதினியும் நடவுக்கு வந்த பெண்களும் தண்ணீருக்காக நின்றார்கள்.

"மதினி, குழா வாய அடைங்க! மண்ணப் போடுங்க, சாக்கப் போடுங்க!"

"ஏத்தா, தண்ணி இப்பத்தான வருது? அடைக்கச் சொல்ற?"

"அண்ணன் கால் உள்ள மாட்டிக்கிருச்சு!"

மதினி அதற்குமேல் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நாற்றுக்கட்டு வைத்திருந்த சாக்கைக் கொட்டிவிட்டு அதில் சேற்றை அள்ளித் திணித்தார். மற்றவர்கள் மம்பட்டியால் மண்ணை வெட்டிப் போட்டார்கள். ஒரு மூட்டை வைத்தால் தண்ணீர் தள்ளிவிட்டது. மதினி வாய்க்காலுக்குள் உட்கார்ந்து மூட்டையின் மேல் முதுகைச் சாய்த்து, எதிர்க்கரையில் இரண்டு காலையும் உதைத்துக்கொண்டார். அவருக்கு இரண்டு பக்கமும் இரண்டு பெண்கள் உட்கார்ந்து தள்ளினார்கள். இடுக்கில் பீய்ச்சிய தண்ணீர் அவர்கள் முகத்தில் அடித்தது.

நான் கரை மேல் நின்றேன். அங்கே நின்றால்தான் இரண்டு பக்கமும் தெரியும். இந்தப் பக்கம் மதினியின் முதுகு. அந்தப் பக்கம் அண்ணனின் மூக்கும் நெற்றியும். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. எல்லாவற்றுக்கும் கணக்குப் போடும் எனக்கு அதற்குப் போட வரவில்லை. என் கணக்கு தப்பாக இருந்தால் என்ற ஒரே நினைப்புதான் இருந்தது. குழாயில் நடுவே விரிசல் இருந்தால்? எங்கோ தண்ணீர் கசிந்தால்? குழாய் நிறையவே நிறையாது.

"விட்டுருச்சு!" என்று ஒருவர் கத்தினார். அண்ணனை அப்படியே மல்லாத்தி இழுத்துக்கொண்டு வந்தார்கள். கால் முழங்காலுக்குக் கீழே வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. முள் தொடை வரை கிழித்திருந்தது. ஆள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். மதினியிடம் சொன்னபோது அவர் எழுந்திருக்கவில்லை. "நெசமாவா? நீ பாத்தியா?" என்று கேட்டுக்கொண்டே மூட்டையைத் தள்ளிக்கொண்டிருந்தார். கையைப் பிடித்துத் தூக்க வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரிக்கு நீங்கள் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தீர்கள். கட்டில் பக்கத்தில் நின்று என்னிடம் சொன்னீர்கள்: "நீங்களே மைக்குல சொன்னீங்களேம்மா, இழுவை இல்லைன்னு. பாவம், நம்பிட்டாரு."

அண்ணன் என்னைப் பார்த்தார்.  அவர் என்ன நினைத்தார் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருக்கிறது. மதினிதான் அந்த ஆப்பிள் பையை எடுத்து உங்கள் கையில் திரும்பக் கொடுத்தார். "எங்க வீட்ல பல்லு சரியில்லீங்க, நீங்களே சாப்பிடுங்க" என்றார்.

அண்ணனுக்கு முழங்கால் மடங்காது. வரப்பில் நடக்க முடிகிறது, சேற்றில் நிற்க முடியாது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறார், மல்லி புடைக்கிறார். உயிர் இருக்கிறது. ஆனால் கதை முடியவில்லை.

இந்த வருஷம் ஆவணியிலேயே மழை. மடைச் சுவரில் முழங்கால் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கிறது. கூண்டு இல்லை. ஓட்டை அப்படியே இருக்கிறது. போன வாரம் பஸ் நிறுத்தத்து டீக்கடையில் எங்கள் தெருப் பையன் ஒருவன் சொல்லிக்கொண்டிருந்தான். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. "இந்த வருசம் நான் எத்துறேன். அண்ணன் அன்னைக்கு எலயச் சரியாப் பாக்கல. நான் பாத்துட்டுத்தான் எறங்குவேன்." டீக்கடையில் எல்லோரும் தலையாட்டினார்கள். நான் அங்கேயே கணக்கைச் சொன்னேன். "நீங்கதான ரெண்டடி தள்ளி ஒண்ணுமில்லன்னு சொன்னீக?" என்று கேட்டார்கள். நீங்கள் வெட்டிய பாதிதான் இன்னும் ஊருக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. நான் முழுதாகச் சொன்னாலும் யார் காதிலும் ஏறவில்லை. அண்ணனின் காலைப் பார்த்தும் ஏறவில்லை.

மதினி ஒரு காரியம் செய்தார். அரிவாளை எடுத்துக்கொண்டு போய், கரையில் இருக்கும் வேப்பமரத்தில் கைக்கு எட்டும் கிளையை எல்லாம் வெட்டிப் போட்டுவிட்டார். இலை இல்லாவிட்டால் யாரும் இறங்க மாட்டார்கள் என்று நினைத்தார். ஊரில் அவரைக் கண்டபடி ஏசினார்கள். மழை பெய்ததும் மரம் துளிர்த்துவிட்டது. அவர் தினமும் போய் அந்தத் துளிரைப் பார்த்துவிட்டு வருகிறார்.

வருகிற காந்தி ஜெயந்திக்குக் கிராம சபை கூடும். அதே ரேஷன் கடை, அதே பந்தல். நீங்கள் வர வேண்டும். வராவிட்டால் நான் எழுதிய இதை அங்கே நானே படிப்பேன். வந்தால் மைக்கை உங்கள் கையிலேயே தருவோம். தெரியாது என்று சொல்லாமல் இருக்க, என் வாக்கியத்தை இங்கே முழுதாக எழுதித் தருகிறேன்: ரெண்டடி தள்ளி நின்னா இழுவையே தெரியாது, அதனாலதான் மாட்டுற வரைக்கும் யாருக்கும் தெரியாது, மாட்டுனா விடாது, கூண்டு போடுங்க.

இதை என் ஊர் முன்னால், என் அண்ணன் முகத்தைப் பார்த்து, உங்கள் வாயால் படியுங்கள். படித்துவிட்டு இரண்டுக்குப் பதில் சொல்லுங்கள். அன்றைக்கு ஏன் வெட்டினீர்கள்? கூண்டு எந்த நாளில் வரும்? டீ வருவதற்கு முன்னால் சொல்லுங்கள்.